கூண்டு எண் தெரியும், ஓட வேண்டிய திசை தெரியாது

ஐப்பசி பிறந்ததும் தமிழில் இரண்டு வகை எழுத்துகள் தவறாமல் முளைக்கின்றன. ஒன்று, 'செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை' என்ற தலைப்பில் அரசு அலுவலகங்கள் வெளியிடும் பட்டியல். மற்றது, வெள்ளம் வடிந்த மறுநாள் பத்திரிகைகளில் வெளிவரும் மனிதநேயப் புகழுரை. முன்னது பேரிடரை வீட்டுக்காரரின் கவனக்குறைவாகச் சுருக்கிவிடுகிறது. பின்னது அதை ஊராரின் நற்குணத்தைக் காட்டக் கிடைத்த வாய்ப்பாக மாற்றிவிடுகிறது. வீட்டுக்கும் அரசுக்கும் நடுவே ஊர் என்ற ஒன்று இருக்கிறது. அதற்கென்று அதிகாரமும் சொல்லும் நினைவும் இருக்க வேண்டும் என்பதை இரண்டுமே பேசுவதில்லை. இவ்விரு வகை எழுத்துக்கும் எதிராகவே இதை எழுதுகிறோம். கவிதையும் கதையும் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரே பதில்: பேரிடர் எச்சரிக்கை என்பது முதலாவதாக மொழியைப் பற்றிய விஷயம். சரியான சொல் சரியான காதில் சரியான நேரத்தில் விழுந்ததா என்பதே அங்கே உயிரைத் தீர்மானிக்கிறது.

1

எச்சரிக்கை என்ற பெயரில் நம் காதில் விழும் மொழியை முதலில் பார்ப்போம். புயல் உருவானதும் செய்திகளில் தவறாமல் இடம்பெறுவது துறைமுகங்களில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டு. மூன்றாம் எண் ஏற்றப்பட்டது, ஐந்தாம் எண் ஏற்றப்பட்டது என்று கேட்டுக் கேட்டு நமக்கு மனப்பாடமாகிவிட்டது. அந்தக் கூண்டுகள் கப்பல் மாலுமிகளுக்கான குறிகள். மொத்தம் 11 எண்கள். அவற்றுள் பதினோராம் எண்ணுக்குப் பொருள் வானிலை மையத்துடனான தொடர்பு அறுந்துவிட்டது என்பதே. குடிசையில் இருப்பவர் வெளியேற வேண்டுமா என்ற கேள்விக்கு அந்தக் கூண்டு எக்காலத்திலும் விடை சொன்னதில்லை. எனினும் ஆண்டுதோறும் அதைத்தான் ஊருக்கான எச்சரிக்கையாக ஒலிபரப்புகிறோம்.

அடுத்தது மழை. 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 6.5 சென்டிமீட்டரைத் தாண்டினால் கனமழை, 11.5 சென்டிமீட்டரைத் தாண்டினால் மிகக் கனமழை, 20.4 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதிகனமழை. வானிலைத் துறையின் அகராதி அத்துடன் முடிந்துவிடுகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பெய்தது 95 சென்டிமீட்டர். 21 சென்டிமீட்டருக்கும் 95 சென்டிமீட்டருக்கும் ஒரே சொல்தான் இருந்தது. முன்னது தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் நாள். பின்னது குளங்கள் வரிசையாக உடைந்து ஊர்கள் தீவுகளாகிப்போன நாள். அறிவியலை நாம் குறைகூறவில்லை. அவ்வளவு மழையைத் துல்லியமாக முன்கணிப்பது கடினம் என்பது நமக்கும் தெரியும். ஆனால் பெய்யத் தொடங்கிய பின்னராவது, இது நீங்கள் இதுவரை கண்ட அதிகனமழை இல்லை என்று சொல்வதற்கு ஒரு வாக்கியம் அமைக்க முடியாதா?

மூன்றாவது, கன அடி. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாற்றங்கரையில் குடியிருப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்ல வேண்டும் என்பது இத்தகைய வேளைகளில் வெளியாகும் வழக்கமான வாசகம். சைதாப்பேட்டையிலும் சாபர்கான்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் இருப்பவருக்கு 29,000 கன அடி என்பது எத்தனை படிக்கட்டு? எத்தனை மணி நேரத்தில் வரும்? எந்தத் தெருவின் எந்த முனை வரை வரும்? பாதுகாப்பான இடம் என்பது எது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது? இவற்றுள் ஒன்றுக்கேனும் விடை தராத அறிவிப்பு எச்சரிக்கை ஆகாது. எச்சரித்தோம் என்று பின்னாளில் கோப்பில் காட்டுவதற்கான சான்று மட்டுமே அது. அந்த வெள்ளத்தை ஆராய்ந்து 2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட மத்தியத் தணிக்கை அறிக்கை, அது மனிதர் உருவாக்கிய பேரிடர் என்றே முடிவு கூறியது.

இதே தமிழில் ஒரு காலத்தில் வேறு சொற்கள் இருந்தன. மதகு, மடை, கலிங்கு, மறுகால், தூம்பு. நெல்லைச் சீமையில் குளம் மறுகால் பாய்கிறது என்று யாரேனும் சொன்னால், அடுத்து எந்தக் குளம் நிறையும், எந்த வயலில் தண்ணீர் ஏறும், எந்தப் பாதை துண்டிக்கப்படும் என்பது கேட்பவருக்கு அந்தக் கணமே விளங்கிவிடும். ஒரு சொல்லுக்குள் ஒரு வரைபடமே இருந்தது. அந்தச் சொற்களைப் பழஞ்சொல் அகராதிக்கு அனுப்பிவிட்டு, அவற்றின் இடத்தில் கன அடியை வைத்திருக்கிறோம்.

2

மொழி உயிரைக் காக்கும் என்று நாம் சொல்வது அலங்காரத்துக்காக அன்று. சுமத்ராவுக்கு மேற்கே சிமலூ என்றொரு தீவு. 1907இல் அங்கே பேரலை வந்து பெரும் எண்ணிக்கையில் மக்களைக் கொண்டுபோயிற்று. எஞ்சியவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டார்கள். தாலாட்டிலும் பாட்டிலும் கிழவிகளின் கதையிலும் அந்தச் சொல் தொடர்ந்து வந்தது. நிலம் பலமாக அதிர்ந்து, பின் கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காமல் மலைக்கு ஓடு என்பதுதான் அதன் முழுப்பொருள். 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கத்துக்கு மிக அண்மையில் இருந்த அத்தீவை அலை சில நிமிடங்களிலேயே அடைந்தது. கிட்டத்தட்ட 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர் மட்டுமே. அவர்களிடம் எச்சரிக்கைக் கருவி ஏதும் இருக்கவில்லை. தொண்ணூற்றேழு ஆண்டுகள் கெடாமல் காக்கப்பட்ட ஒரு சொல் இருந்தது.

நம் கரையை அலை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. இந்திய நேரம் காலை 6.29க்கு அங்கே நிலம் அதிர்ந்தது. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் அலை ஏறியது எட்டரை மணிக்குப் பின்னர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் மாண்டனர். அவர்களுள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தவர். நம் பக்கம் நில அதிர்வைப் பலரும் உணரவில்லை என்பது உண்மை. ஆனால் சில இடங்களில் கடல் உள்வாங்கியபோது அதை அதிசயமாகப் பார்க்கக் கூட்டம் கூடியதும் உண்மைதான்.

இவ்வளவும் நடந்தது எந்த மொழியினருக்கு? கடல்கோள் என்ற சொல்லைத் தன் இலக்கிய வரலாற்றின் முதற்பக்கத்திலேயே வைத்திருக்கும் மொழியினருக்கு! இறையனார் அகப்பொருள் உரை சங்கங்களைக் கடல் கொண்டதைச் சொல்கிறது. மணிமேகலை புகாரைக் கடல் கொண்டதைச் சொல்கிறது. தமிழ் அறிவுலகம் இச்செய்திகளைக் கொண்டு என்ன செய்தது? இழந்த கண்டத்தின் பரப்பளவைக் கணக்கிட்டது. தொன்மைக்குச் சான்றாக மேடைதோறும் முழங்கியது. கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்ற ஒரு வரியைப் பள்ளிப் பாடத்தில் சேர்க்கும் எண்ணம் அதற்குத் தோன்றவில்லை. சிமலூ மக்கள் தம் பேரழிவை அறிவுரையாக மாற்றினார்கள். இங்கே அது பெருமிதமாக மாற்றப்பட்டது. இலக்கிய ஆர்வலர்களுக்கு இதைவிடக் கூர்மையான விமரிசனம் இருக்க முடியாது என்று நினைக்கிறோம்.

மணிமேகலைக் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய இந்திர விழாவை மன்னன் மறந்ததால் புகாரைக் கடல் கொண்டது என்கிறது காப்பியம். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. ஊர் முழுவதும் கூடி ஆண்டுக்கொருமுறை தவறாமல் செய்ய வேண்டிய காரியத்தைக் கைவிட்ட ஊர் அழியும் என்று வாசித்துப் பார்த்தால், பேரிடர் ஒத்திகையின் இலக்கணம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஜப்பானில் 1923ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கம் நிகழ்ந்த செப்டம்பர் 1ஆம் நாளில் ஆண்டுதோறும் ஒத்திகை நடத்துகிறார்கள். அந்நாட்டு அனெயோஷி என்னும் சிற்றூரில், இதற்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று பொறித்த கல்லொன்று நிற்கிறது. 2011இன் பேரலை அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. நாமோ டிசம்பர் 26இல் கடலில் பாலூற்றி மலர் தூவுகிறோம். அஞ்சலி வேண்டும்; அதை மறுப்பார் இல்லை. ஆனால் நினைவுத்தூணில் இறந்தவர் பெயருக்கு அடியில், ஓட வேண்டிய திசையும் தூரமும் இருப்பவர்களுக்காகப் பொறிக்கப்பட வேண்டாமா?

3

இனி அதிகாரத்தைப் பற்றி. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நாட்டுக்குப் பிரதமர் தலைமையிலும் மாநிலத்துக்கு முதலமைச்சர் தலைமையிலும் மாவட்டத்துக்கு ஆட்சியர் தலைமையிலும் ஆணையங்களை அமைத்தது. அதற்குக் கீழே உள்ள ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் அச்சட்டம் கடமைகளைத் தந்தது. ஆனால் மாவட்ட ஆணையத்தின் உத்தரவுக்கு உட்பட்டே அவற்றைச் செய்ய வேண்டும் என்றது. அதாவது மடை எங்கே உடையும் என்று தெரிந்தவரிடம் உத்தரவு இல்லை; உத்தரவிடுபவருக்கு மடை எங்கே இருக்கிறது என்று தெரியாது. 2025இல் வந்த திருத்தச் சட்டம் பெருநகரங்களுக்கு நகர்ப்புறப் பேரிடர் ஆணையம் அமைக்க வழி செய்தது. அதற்குத் தலைவர் மாநகராட்சி ஆணையர், துணைத்தலைவர் மாவட்ட ஆட்சியர். மக்கள் தேர்ந்தெடுத்த மேயர் தலைவராக இல்லை.

இருக்கிற சிறிதளவு உள்ளாட்சியையேனும் நாம் காப்பாற்றினோமா? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு தமிழ்நாட்டின் ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பர் வரை தேர்தல் நடக்கவில்லை. சில மாவட்டங்களில் 2021 வரையும், நகரங்களில் 2022 பிப்ரவரி வரையும் நடக்கவில்லை. இந்த இடைவெளியில் வந்தவற்றை வரிசைப்படுத்துங்கள். 2016 டிசம்பரில் வர்தா. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி. 2018 நவம்பரில் கஜா. சென்னையைப் பொறுத்தவரை 2021 நவம்பரின் வெள்ளமும். வேதாரண்யத்திலும் பேராவூரணியிலும் தென்னைகள் வேரோடு சாய்ந்து வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தபோது, யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் மக்கள் சாலையில் அமர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கேட்பதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டவர் எவரும் ஊரில் இருக்கவில்லை. 2025 சனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகளின் காலம் முடிந்தபோதும் உடனே தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்களே அமர்த்தப்பட்டனர். உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடுவதை நாம் கட்சி அரசியலாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். அது பேரிடர் மேலாண்மையைத் தள்ளிப்போடுவதும் ஆகும்.

ஊரில் இருப்பவருக்குச் செய்தியும் அதிகாரமும் ஒருசேரக் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு சான்றுகளைச் சொல்வோம். 2004இல் புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்த நல்லவாடு என்ற மீனவ ஊரில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையம் ஒன்று இயங்கி வந்தது. அதன் ஒலிபெருக்கி அன்றாடச் செய்திகளை அறிவிப்பதற்காக வைக்கப்பட்டது. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி கண்டு ஊருக்குப் பேசினார். ஊரார் மையத்தின் பூட்டை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவித்தனர். ஊர் உயிர் தப்பியது. அந்தக் குரலை எவரும் ஐயுறவில்லை, ஏனெனில் அது தினமும் கேட்டுப் பழகிய குரல். இரண்டாவது, 2023 டிசம்பர் 17 இரவு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியில் மண்ணும் சல்லியும் அரித்துச் சென்றிருந்தன. ரயிலில் இருந்தவர்கள் ஏறத்தாழ 800 பேர். நிறுத்தும் அதிகாரம் அந்த நிலையத்தில் இருந்தவரிடமே இருந்தது; மாவட்டத் தலைநகரிலிருந்து உத்தரவு வரட்டும் என்று அவர் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மீட்புப் படையினர் வந்துசேரும் வரை பயணிகளுக்குச் சோறாக்கிப் போட்டவர்கள் பக்கத்து ஊரார். ரயில்வே தன் கடைநிலை நிலையத்துக்குக் கொடுத்திருக்கும் அதிகாரத்தை, ஏரிக்கரையில் இருக்கும் ஊராட்சிக்கு ஏன் கொடுக்கக் கூடாது?

உத்தரமேரூரில் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியம் இருந்ததே என்று உடனே ஒரு நண்பர் எழுதுவார். இருந்தது. சொத்தும் சாதியும் கல்வியும் தகுதியாக வைத்து, பலரை வெளியே நிறுத்திய சபையின் வாரியம் அது. அந்தக் கல்வெட்டைப் புகைப்படம் எடுத்து மாட்டுவதால் இன்றைய ஏரியின் கரை பலப்படப்போவதில்லை. ஏரிக்கென்று ஓர் ஊர்க்குழு, அதற்கு ஓராண்டுக் காலவரை, கணக்குக் கொடுக்காதவருக்குத் தகுதி இழப்பு என்ற மூன்று விதிகளை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு, எவரையும் வெளியே நிறுத்தாமல் அமைப்போம் என்றால் நாமும் உடன்படுகிறோம்.

4

வீட்டுக்கு வருவோம். மூன்று நாளுக்கான உணவும் நீரும் மருந்தும் விளக்கும் பையில் எடுத்து வையுங்கள் என்கிறது பட்டியல். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்றால் நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர். ஏறத்தாழ நான்கு குடம். லாரித் தண்ணீரை நம்பி வாழும் குடியிருப்புகளில் இந்த நான்கு குடம் எப்போதும் வாசலில் நிரம்பித்தான் இருக்கிறது. தயாராக இல்லாதவர்கள் மோட்டாரையும் மின்தூக்கியையும் கேன் தண்ணீரையும் நம்பி ஐந்தாம் மாடியில் வாழ்பவர்கள். 2015இலும் 2023இலும் மின்சாரம் போன இரண்டாம் நாளே அடுக்ககங்களில் குடிக்கவும் கழுவவும் நீரில்லை. கைபேசிக் கோபுரங்கள் ஓய்ந்ததும் எச்சரிக்கைச் செயலிகளும் ஓய்ந்தன. பேட்டரியில் இயங்கும் ஒரு வானொலிப் பெட்டி எத்தனை வீடுகளில் இருக்கிறது?

மாறாக, நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு மூன்று நாள் உணவைச் சேமித்து வை என்று அறிவுரை கூறுவது கேலி. அரிசி வாங்கும் பணம் அன்றன்றைக்கு வருவது. எல்லாக் குடும்ப அட்டைக்கும் நியாயவிலைக் கடை இருக்கும் மாநிலம் இது. ஐப்பசித் தொடக்கத்தில் அந்தக் கடை வழியாகவே அவலும் பொரிகடலையும் மெழுகுவத்தியும் குளோரின் மாத்திரையும் கொடுத்துவிட்டால், அறிவுரைக்கு வேலையே இல்லை. பொங்கலுக்குப் பை கொடுக்க முடிந்த அரசுக்கு மழைக்கு முன் ஒரு பை கொடுப்பது இயலாத காரியமா?

வீட்டின் தயார்நிலை என்று பேசும்போது வீட்டுக்குள் இருப்பவர் யார் என்றும் கேட்க வேண்டும். கடலூர் மாவட்டத்தில் 2004இல் இறந்த பெண்களின் எண்ணிக்கை ஆண்களின் எண்ணிக்கையைப் போல் இரு மடங்குக்கும் மேல். நீந்தவும் மரமேறவும் கற்றுத்தரப்படாதவர்கள், பிள்ளையைத் தேடி வீட்டுக்குள் திரும்பியவர்கள், கரையில் மீனுக்குக் காத்திருந்தவர்கள். கடற்கரை ஊர்ப் பெண் குழந்தைகளுக்கு நீச்சல் கற்பிப்பதைவிட மேலான பேரிடர்ப் பை எது? நிவாரண முகாம்களிலும் நிவாரணப் பொருள்களிலும் தலித்துகளும் இருளர்களும் ஒதுக்கப்பட்டதை அப்போதே பலர் பதிவு செய்தார்கள். சாதி பார்த்துத் தண்ணீர் ஊற்றும் முகாமுக்குப் போவதைவிடக் கழுத்தளவு வெள்ளத்தில் சொந்தக் கூரைமேல் உட்கார்வதே மேல் என்று ஒருவர் நினைத்தால் அவரைக் கவனக்குறைவானவர் என்று சொல்லும் தகுதி நமக்கு இல்லை.

5

நம் வாதத்துக்கு வரக்கூடிய மறுப்பு ஒன்றே ஒன்று. மக்கள் சொன்னால் கேட்பதில்லை. வெளியேறச் சொன்னாலும் வீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பார்கள். உட்காரத்தான் செய்கிறார்கள். ஆட்டை எங்கே கட்டுவது, வயதுக்கு வந்த பெண் எங்கே உடை மாற்றுவாள், படுத்த படுக்கையான அப்பாவை யார் தூக்குவார், திரும்பி வந்தால் பாத்திரம் இருக்குமா, முன்பு இரண்டு முறை வெளியேறியபோது ஒன்றும் வரவில்லையே என்ற ஐந்து கேள்விகளுக்கு விடை கிடைக்காததால் உட்காருகிறார்கள். ஒடிசாவில் 1999ஆம் ஆண்டின் பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013இல் பைலின் புயலின்போது லட்சக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. வங்கதேசத்தில் 1970இன் புயல் மூன்று லட்சம் உயிர்களைக் குடித்தது. அதன் பிறகு ஊர் ஊராகத் தன்னார்வலர்களைத் திரட்டிக் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்தார்கள். 2007இல் சிதர் புயலில் இறந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம். அந்நாடுகளின் மக்கள் ஒரே தலைமுறையில் புத்திசாலிகளாகிவிடவில்லை. மேடான புகலிடங்கள் கட்டப்பட்டன. கதவைத் தட்டியவர் தெரிந்த முகமாக இருந்தார்.

ஆகவே நாம் கேட்பவை எளியவை. 2015இலும் 2023இலும் தண்ணீர் ஏறிய மட்டத்தை ஒவ்வொரு தெருவின் மின்கம்பத்திலும் கோடிட்டுக் காட்டுங்கள். அறிவிப்பு கன அடியை விட்டுவிட்டு அந்தக் கோட்டைச் சொல்லட்டும். தனியாக எழுந்து நடக்க முடியாதவர்கள் யார் யார், அவர்களைத் தூக்கப்போகிறவர் யார் என்ற பட்டியல் ஒவ்வொரு வார்டிலும் இருக்கட்டும். வெளியேறச் சொல்லும் அதிகாரமும் அதற்குச் செலவழிக்கும் பணமும் ஊராட்சித் தலைவரிடம் இருக்கட்டும். அந்தத் தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்டவராக இருக்கட்டும். ஐப்பசிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் தம் ஒலிபெருக்கிகளைக் கொடுக்க, ஊர் முழுவதும் ஒருமுறை ஓடிப் பார்க்கட்டும்.

எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 1964இல் தனுஷ்கோடி அழிந்ததைக் கண்டவர்கள், 1977ஆம் ஆண்டு நாகைப் புயலைக் கடந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். காற்று எந்தப் பக்கம் திரும்பியது, தண்ணீர் எங்கே முதலில் ஏறியது, எதைப் பிடித்துக்கொண்டு பிழைத்தார்கள் என்பதை அவர்கள் சொல்லிலேயே எழுதி வாங்க வேண்டும். அவர்களோடு அந்தச் சொற்களும் போய்விட்டால், அடுத்த முறை கடல் உள்வாங்கும்போது நம் பிள்ளைகளிடம் கைபேசிக் கேமரா மட்டுமே இருக்கும்.